கரடி வந்தால் தூண்டில் நரம்பை அறுத்துவிடு

ஜூலை மூன்றாம் வாரம் என் மச்சினன் கடையத்திலிருந்து, அமெரிக்காவின் அலாஸ்காவில் நான் இருக்கும் ஆங்கரேஜுக்கு வருகிறான். கூடவே அவன் மகனும் வருகிறான். பிளஸ் டூ முடித்த பையன், ராமநதி அணைப் பக்கம் தூண்டில் போட்டே வளர்ந்தவன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது மச்சினன் கேட்டான்: "அத்தான், மீன் பிடிச்சிக்கிட்டு நிக்கும்போது கரடி வந்துட்டா என்ன செய்யணும்?"

போனில் ஒரே வரியில் பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. 2016-இல் நான் செய்த ஒரு தவறைச் சொல்லாமல் அந்தப் பதில் முழுமையாகாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். விமானம் ஏறுவதற்குள் அப்பாவும் மகனும் இதை இரண்டு முறையாவது படித்துவிட வேண்டும்.

கடையத்துக்காரர்களுக்குக் கரடி புதிதில்லை. புற்றை உடைத்துக் கரையான் தின்னவும், பலாப்பழ வாசனைக்கும் மலையடிவாரத் தோப்புகளுக்கு அது இறங்கி வரும். என் மாமனார் விடியுமுன் தண்ணீர் பாய்ச்சப் போனால், தோப்புக்குள் நுழைவதற்கு முன்பே தொண்டையைச் செருமி இரண்டு முறை குரல் கொடுப்பார். அந்தப் பழக்கம் இங்கேயும் உயிரைக் காக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஊர்க் கரடிக்கு உன் தூண்டிலில் எந்த அக்கறையும் கிடையாது. அலாஸ்காவின் பழுப்புக் கரடிக்கோ, நீ பிடிக்க வந்த அதே சால்மன்தான் வருஷத்துச் சாப்பாடு. குளிர்காலம் முழுவதும் ஒன்றுமே தின்னாமல் குழிக்குள் படுத்துக் கிடக்க வேண்டுமென்றால், கோடையின் சில மாதங்களிலேயே அத்தனை கொழுப்பையும் சேர்த்தாக வேண்டும். சால்மன் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் கரையோரப் பகுதிகளில் பெரிய ஆண் கரடி செப்டம்பர் வாக்கில் 450 கிலோவைத் தாண்டிவிடும். ஆற்றில் தூண்டிலோடு இறங்குகிறவன் அதன் பந்தியில் போய் நிற்கிறான் என்று வைத்துக்கொள்.

சரி, 2016-க்கு வருகிறேன்.

ஆங்கரேஜிலிருந்து தெற்கே சுமார் 160 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம் போனால் கூப்பர் லேண்டிங் என்ற சிற்றூர். அதன் பக்கத்தில்தான் ரஷ்யன் ஆறு வந்து கீனாய் ஆற்றோடு கலக்கிறது. வழக்கமாக ஜூன் 11-ஆம் தேதி சாக்காய் என்ற சால்மன் வகையைப் பிடிக்க ஆற்றைத் திறந்துவிடுவார்கள், அதாவது அனுமதி தொடங்கும். இங்குள்ளவர்கள் அந்த மீனை 'ரெட்' என்று கூப்பிடுவார்கள். திறந்த வாரத்தில் கரையில் தோளோடு தோள் உரச ஆட்கள் நிற்பார்கள். தொடையளவு நீர், கண்ணாடி மாதிரித் தெளிவு, அடியில் கூழாங்கல். இரண்டு கரையிலும் ஆல்டர் புதர் அடர்ந்து, பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. போதாததற்கு ஆற்றின் இரைச்சல். உனக்குக் கரடி வருவது கேட்காது, கரடிக்கு நீ நிற்பதும் கேட்காது.

ஜூன் கடைசியில் இங்கே இரவு பதினொன்றரை வரை சூரியன் மறையாது. வெளிச்சம் இருக்கிறதே என்று இரவு பதினொரு மணிக்கும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். கூட வந்த நண்பர் மேலே ஒரு வளைவு தள்ளி நின்றார். கூட்டம் கலைந்திருந்தது. கூட்டம் கலைந்த நேரத்தில் கரடி இறங்கும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. என் முதுகுப்பையைப் பின்னால் இருபது எட்டுத் தள்ளி ஒரு ஸ்ப்ரூஸ் மரக் கிளையில் மாட்டியிருந்தேன். உள்ளே டிபன் பாக்ஸில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். பிடித்த இரண்டு மீன்களைக் கயிற்றில் கோத்து, கீழ்ப்பக்கம் ஆழமில்லாத நீரில் ஒரு கல்லில் கட்டிப் போட்டிருந்தேன். கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே டப்பா பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் இருந்தது.

முதலில் கேட்டது சரளைக்கல் நகரும் சத்தம். நண்பர்தான் வருகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். என் மீன் கட்டியிருந்த இடத்தில் ஒரு தாய்க்கரடி தண்ணீரில் நின்றது. வலது காதின் நுனி பிளந்திருந்தது. ஒரு மீன் ஏற்கெனவே அதன் வாயில் இருந்தது, கயிறு தாடையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது பின்னால், மரத்தடியில், நைலான் துணி கிழியும் சத்தம். இரண்டு குட்டிகளில் ஒன்று என் பையைக் கீழே இழுத்துப் போட்டு, அதன் ஜிப்பை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது.

தாய் ஒரு பக்கம், குட்டி மறு பக்கம், நடுவில் நான். ஸ்ப்ரே குட்டியின் காலடியில்.

அந்தத் தாய் மீனைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தது. பல்லோடு பல் மோதும் 'டக் டக்' சத்தம் ஆற்றின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. வாயோரம் எச்சில் நூலாக வடிந்தது. மூக்கிலிருந்து 'ஹுஃப்' என்று மூச்சு விட்டது. கரடி இரண்டு காலில் எழுந்து நின்றால் பெரும்பாலும் என்ன ஏது என்று பார்க்கத்தான் நிற்கும். பல்லை அடித்து எச்சில் வடித்தால், 'நீ நெருங்கிவிட்டாய், விலகு' என்று கெஞ்சியும் மிரட்டியும் சொல்கிறது என்று அர்த்தம். அதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்ததுதான். அன்றைக்குக் கால் முழங்காலுக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

எதிர்க்கரையில் வயதான ஓர் ஆள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல நிதானமாகச் சொன்னார்: "ஓடாதே. பக்கவாட்டில் என்னை நோக்கி நட. அதனிடம் பேசிக்கொண்டே வா." எனக்கு வாயில் வந்தது தமிழ்தான். "சரிம்மா, போறேன்மா, போறேன்" என்று சொல்லிக்கொண்டே ஆற்றுக்குள் ஓரடி ஓரடியாக நகர்ந்தேன். அந்தச் சொல்லை நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. இடுப்பளவு நீரில் நான் அக்கரைப் பக்கம் போகப் போக, தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வழி திறந்தது. அது நேராகக் குட்டியிடம் போய் அதை முகர்ந்து பார்த்தது. அப்புறம் மூன்றும் சேர்ந்து என் பையைப் பிரித்தன.

மறுநாள் காலை வனத்துறை ஆட்களிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, போய்ப் பார்த்தேன். டிபன் பாக்ஸின் மூடியில் நான்கு பற்கள் பதிந்த ஓட்டை. அந்த மூடி இன்னும் என் கார் நிறுத்தும் அறையில் ஆணியில் தொங்குகிறது. பையனுக்குக் காட்டுவேன்.

என் உயிர் தப்பியதைவிட வேறொன்றுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது. மனிதன் சோற்றைத் தின்ற கரடி செத்த கரடி என்று இங்கே சொல்வார்கள். ஒருமுறை முதுகுப்பையில் சாப்பாடு கிடைத்தால், அடுத்த பையைப் பார்த்ததும் அது வரும். கூடாரத்துக்கு வரும். கடைசியில் யாராவது ஒருவர் சுட்டுவிடுவார்கள். அலாஸ்காச் சட்டப்படி உயிருக்கு ஆபத்து என்றால் கரடியைச் சுடலாம். ஆனால் சாப்பாட்டையோ குப்பையையோ கவனமில்லாமல் போட்டுக் கரடியை நீயே வரவழைத்திருந்தால் அந்தச் சட்டம் உன்னைக் காப்பாற்றாது. நியாயமான சட்டம் என்றே நினைக்கிறேன். அந்தக் கோடையில் தூண்டில் இல்லாமல் நான்கு முறை அங்கே போனேன், அவளைத் தேடி. ஆகஸ்டில் ஒரு மாலை, தூரத்துக் கரையில், பிளந்த காதோடு இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். காரில் திரும்பி வரும்போது அழுதேன்.

ரஷ்யன் ஆற்றில் இதற்கென்றே விதி இருக்கிறது. சாப்பாடு, ஐஸ்பெட்டி, பை எல்லாம் உன்னிடமிருந்து 3 அடிக்குள் இருக்க வேண்டும். பிடித்த மீன் 12 அடிக்குள். அந்த விதியின் ஒவ்வோர் அடிக்கும் என்ன பொருள் என்று எனக்கு இப்போது தெரியும். எங்கள் வீட்டில் இப்போது ஆற்றங்கரைக்குச் சாப்பாடே போவதில்லை. புளியோதரை காரிலேயே இருக்கும், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே சாப்பிடுவோம். பை முதுகை விட்டு இறங்காது. மீன் பிடித்ததும் மண்டையில் ஓர் அடி, செவுளை அறுத்து ஓடும் நீரில் ரத்தத்தை வடியவிடுவேன், உடனே கைக்கெட்டும் தூரத்தில் பைக்குள். கூடுமானவரை முழு மீனாக வீட்டுக்குக் கொண்டுவந்துதான் சுத்தம் செய்வேன்.

அங்கேயே அறுக்க வேண்டி வந்தால் ஒரு முறை இருக்கிறது, மச்சினா, இதைக் கவனமாகக் கேள். இரண்டு பக்கச் சதையையும் சீவி எடுத்தபின் தலை, முள், வால், குடல் எல்லாம் ஒரே கோவையாக மிஞ்சும். பெரும்பாலானவர்கள் அதை அப்படியே தண்ணீரில் வீசிவிடுவார்கள். முழுசாக வீசினால் அது போகாது. பத்தடி தள்ளிச் சுழிப்பில் மாட்டி, கல்லிடுக்கில் வெள்ளை வயிறு தெரியக் கிடக்கும். நாளெல்லாம் நூற்றுக்கணக்கான பேர் இப்படி வீசினால் அந்தக் கரை கரடிக்கு நிரந்தரச் சாப்பாட்டுக் கடையாகிவிடும். அதனால் அந்தக் கோவையை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டி, நீரோட்டம் வேகமாகப் போகும் நடு ஆற்றில் எறிய வேண்டும். நில், நறுக்கு, வீசு என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். கடற்காக்கையும் ட்ரௌட் மீனும் அந்தத் துண்டுகளைத் தீர்த்துவிடும். பின்னால் வருகிற ஆளுக்காகவும் கரடிக்காகவும் செய்கிற வேலை இது. சோம்பல்பட்டு இதைத் தட்டிக்கழிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும், அதை நேரிலேயே சொல்லியும் இருக்கிறேன்.

புதர்ப் பாதையில் நடக்கும்போது குரல்தான் காவல். கடையில் விற்கும் சின்ன மணிகளை நம்பாதே, ஆற்றிரைச்சலில் அது யாருக்கும் கேட்காது. என் மனைவி முன்னால் போய்க்கொண்டே "கரடியாரே, நாங்க வாரோம்" என்று வளைவுக்கு வளைவு உரக்கச் சொல்வாள். இங்கத்தி ஆட்களும் இதைத்தான் தங்கள் பாஷையில் செய்கிறார்கள். மூன்று பேர் போனால் இரண்டு பேர்தான் தூண்டில் போடுவோம். ஒருவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டிப் புதரைப் பார்த்து நிற்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்வோம். பையனுக்கு இது அலுப்பாக இருக்கும், ஆனாலும் அவன் முறை வந்தால் அவன்தான் நிற்பான்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம்.

2022 செப்டம்பரில் கட்மாய் தேசியப் பூங்காவில் புரூக்ஸ் ஆற்றுக்குப் போனோம். எரிமலை வெடித்த நிலத்தைக் காப்பதற்காக 1918-இல் ஒதுக்கிய இடம் அது, இன்று உலகம் அதைக் கரடிக்காகவே அறிகிறது. சுமார் 2,200 பழுப்புக் கரடிகள் அங்கே இருப்பதாகக் கணக்கு. கிங் சால்மன் என்ற ஊரிலிருந்து மிதவை விமானத்தில் போய் நக்னெக் ஏரிக்கரையில் இறங்க வேண்டும். இறங்கியதும் வேறெங்கும் போக முடியாது. முதலில் ரேஞ்சர் நடத்தும் கரடிப் பாடம். அது முடிந்தால்தான் உள்ளே விடுவார்கள். பாதையில் வெறும் தண்ணீரைத் தவிர ஒரு மிட்டாய்கூடக் கொண்டுபோகக் கூடாது. கரடிக்கும் உனக்கும் நடுவில் 50 கஜம், அதாவது 45 மீட்டர், எப்போதும் இருக்க வேண்டும். கரடி அந்தத் தூரத்துக்குள் வந்தால் தூண்டிலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். மீன் மாட்டியிருந்தால் நரம்பை, அதாவது தூண்டில் நூலை, அறுத்துவிட வேண்டும்.

அன்று மதியம் இடுப்பளவு நீரில் நின்று ஃப்ளை, அதாவது பூச்சி மாதிரிக் கட்டிய செயற்கை இரை, போட்டேன். அந்த ஆற்றில் ஃப்ளை தூண்டில் மட்டும்தான் அனுமதி. நான்காவது வீச்சில் ஒரு ரெயின்போ ட்ரௌட் மாட்டியது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய ட்ரௌட் என் தூண்டிலில் வந்ததில்லை. இரண்டு முறை தண்ணீருக்கு மேலே துள்ளியது. அதன் பக்கவாட்டில் ஓடிய ரோஜா நிறக் கோட்டைப் பார்த்தேன். நரம்பு சுற்றிய ரீல் கிறீச்சிட்டது. அந்தத் துள்ளலும் தண்ணீர் அடிபடும் சத்தமும் எனக்கு மட்டுமா கேட்கும்? அறுபது எழுபது மீட்டருக்கு அப்பால், கரையில் படுத்திருந்த ஓர் இளம் கரடி தலையைத் தூக்கியது. எழுந்து தண்ணீரில் இறங்கியது. துரத்தவெல்லாம் இல்லை, சாதாரணமாக, கடைக்குப் போகிற நடை.

தூண்டில்காரன் கைக்கு இதுதான் சோதனை. இன்னும் ஒரு நிமிஷம் கொடுத்தால் மீன் கைக்கு வந்துவிடும் என்று மனசு சொல்லும். தூண்டிலில் துள்ளுகிற மீன் என்றால் சுலபமான மீன் என்று கரடி கற்றுக்கொள்வது அந்த ஒரு நிமிஷத்தில்தான். அதற்கப்புறம் ரீல் சத்தம் கேட்டாலே அது தூண்டில்காரர்களைத் தேடி வரும்.

செய்ய வேண்டியது இது. ராடை, அதாவது தூண்டில் கழியை, வளையவிடாதே. வளைந்தால் அது ஸ்பிரிங் மாதிரி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும், நரம்பு அறாது. ராடை நேராக மீனை நோக்கி நீட்டு. ரீல் சுற்றாதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடி. அப்படியே இரண்டெட்டுப் பின்னால் போ. முனையில் இருக்கும் மெல்லிய நரம்பு 'டிக்' என்று அறுந்துவிடும். அந்தச் சின்ன அதிர்வு விரலில் தெரியும். அன்று அது அறுந்ததும் தண்ணீர் அமைதியானது. கரடி நின்றது. காதை முன்னால் நீட்டிச் சத்தம் வந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் திரும்பி, தன் படுக்கைக்கே போய்விட்டது. நாங்களும் கரையேறி வேறு பக்கம் போனோம். அந்த ட்ரௌட்டைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தம் வந்ததில்லை.

ஸ்ப்ரே பற்றிச் சொல்ல வேண்டும். அந்த டப்பாவுக்குள் இருப்பது மிளகாயின் காரம்தான். நம் வீட்டில் மிளகாய் வற்றல் கருகினால் தொண்டை கமறி எல்லோரும் வெளியே ஓடுவோமே, அதன் நூறு மடங்கு என்று வைத்துக்கொள். கரடியின் மூக்கு எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவுக்கு அதற்கு எரியும். 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் ஸ்ப்ரே பயன்படுத்திய 83 சம்பவங்களைத் திரட்டி 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. பழுப்புக் கரடிகள் மேல் அடித்தபோது 92 சதவீதம் வேலை செய்திருக்கிறது. ஆனால் கையில் இருந்தால்தானே? முதுகுப்பைக்குள் இருந்த டப்பா எனக்கு என்ன உதவி செய்தது என்று பார்த்தாய். இடுப்பில் மாட்டினால் ஆற்றில் இறங்கும்போது நீருக்குள் போய்விடும். அதனால் நெஞ்சுப் பட்டையில்தான் மாட்ட வேண்டும், எந்தக் கையால் எடுப்பாயோ அந்தக் கைக்கு வாகாக. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை ஆற்றில் இறங்கும்போதே கவனித்துக்கொள். கரடி உன்னை நோக்கிப் பாய்ந்து வந்தால், ஏழெட்டு மீட்டருக்கு வரும்வரை பொறுத்து, அதன் முகத்துக்குக் கொஞ்சம் முன்னால், தாழ்வாக அடி. அது ஓடி வந்து அந்த மேகத்துக்குள் நுழைய வேண்டும். உடம்பிலோ கூடாரத்திலோ கொசு மருந்து மாதிரித் தெளித்துக்கொள்ளவே கூடாது. பாயும் கரடியைத் திருப்பி அனுப்புகிற அதே காரம், தரையில் காய்ந்து கிடந்தால் அந்த வாசனைக்குக் கரடி தேடி வந்து புரளும்.

இனி நீ கேட்ட கேள்வி. கரடி உன்னைக் கவனித்துவிட்டது என்றால் ஓடாதே. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் அது ஓடும். குரலைத் தாழ்த்திப் பேசு, அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே பக்கவாட்டில் விலகு, அதற்கு வழி விடு. மகனை உன் தோளோடு ஒட்டி நிறுத்திக்கொள், இரண்டு பேராகச் சேர்ந்து நின்றால் பெரிதாகத் தெரிவீர்கள். பழுப்புக் கரடி உன்மேல் விழுந்தேவிட்டால், அதாவது உடம்பைத் தொட்டபின், குப்புறப் படுத்துக் கைகளைப் பின்கழுத்தில் கோத்து, கால்களை அகட்டி, அசையாமல் கிட. பை முதுகிலேயே இருக்கட்டும். குட்டிக்காகவோ இரைக்காகவோ மிரண்டு பாய்ந்த கரடி, ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தால் பெரும்பாலும் விட்டுப் போய்விடும். அது போனபின்னும் சிறிது நேரம் எழாதே. அது விடாமல் கடித்துக்கொண்டே இருந்தால் எதிர்த்துப் போராடு. கருங்கரடி தாக்கினால் படுக்கவே கூடாது, கல்லோ ராடோ கையில் கிடைத்ததை எடுத்து முகத்தில் அடி. இரண்டையும் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது, கருங்கரடியிலும் பழுப்பு நிறம் உண்டு. தோளுக்கு மேலே திமில் மாதிரி மேடு தெரிந்தால் அது பழுப்புக் கரடி.

இந்தப் பத்தியை நீ படித்துவிட்டுப் பயந்து பயணத்தைத் தள்ளிப் போடாதே. 2016-க்குப் பிறகு எத்தனையோ முறை ஆற்றில் இறங்கிவிட்டேன், எத்தனையோ கரடிகளைப் பார்த்துவிட்டேன். ஒருமுறைகூட ஸ்ப்ரேயின் பூட்டுக் கிளிப்பைக் கழற்ற வேண்டி வரவில்லை.

ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள், கைப்பையிலும் கூடாது, லக்கேஜிலும் கூடாது. அதனால் அங்கே எதையும் தேடி வாங்காதே. உங்கள் இருவருக்கும் இங்கேயே புது டப்பா இரண்டு வாங்கி, அடியில் காலாவதித் தேதியையும் பார்த்துவைத்திருக்கிறேன். காரம் இல்லாத பயிற்சி டப்பா ஒன்றும் இருக்கிறது. வந்த மறுநாள் காலை வீட்டுக் கொல்லைப்புறத்தில் நான் கரடியாக ஓடி வருவேன், பையன் நெஞ்சுப் பட்டையிலிருந்து எடுத்து, கிளிப்பைத் தள்ளி, அடிக்க வேண்டும். மூன்று விநாடிக்குள் எடுக்க வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வோம். அவனுடைய நெஞ்சளவை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவை, பட்டையை அதற்கேற்ப வாங்க வேண்டும்.